திரும்பிப் போனவர்கள்

பிரகாசி இறந்த நேரத்தில் அந்தச் சந்தில் ஒருவருமே இல்லை என்று பதிவு சொன்னது.

செண்பகா மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தாள். திரையில் வேலாந்துறை அந்தோனியார் கோயிலின் வடக்குச் சந்து நீலமாக வடிந்துகொண்டிருந்தது. கூட்டம் நெருக்கமான இடம் கருநீலம், இளகிய இடம் வெளிர்நீலம். சந்தின் வாயில், கூட்டம் கலைந்து ஆட்களாகப் பிரியும் கோட்டில், நீலம் உடைந்து வெள்ளைப் புள்ளிகளாகச் சிதறியது. ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஆள். அதில் ஒன்று பிரகாசி. அவள் வெளியே வந்தாள், பேருந்து நிலையத்துப் பக்கம் நகர்ந்தாள், திரையை விட்டுப் போனாள். சந்து காலியானது. அடுத்த கூட்டத்துக்காக உள்தடுப்பு திறந்தது.

ஆனால் அவள் உடலை எடுத்தது சந்துக்குள்ளிருந்து. மதிலோரம், விலா எலும்புகள் நொறுங்கிக் கிடந்தாள்.

"பார்த்துட்டியா?"

கதவருகே மோகனரங்கம் நின்றிருந்தார். நிறுவனத்தைத் தொடங்கியவர். கையில் காபி டம்ளர், காலில் வழக்கம்போல் ரப்பர் செருப்பு. எல்லாரும் அவரை ரங்கம் சார் என்பார்கள்.

"வியாழக்கிழமை கோர்ட். பதிவு முழுமையானது, யாரும் கை வைக்கலைன்னு சொல்லணும். அஞ்சு நிமிஷ வேலை. கையெழுத்து போட்டு வச்சிடு."

"சார், உடம்பு உள்ளே இருந்திருக்கு."

"அதுதானேம்மா கேஸே. வெளியே வந்த பொம்பளை உள்ளே எப்படிக் கிடப்பா? யாராவது தூக்கிட்டு வந்து போட்டாத்தான் உண்டு. சந்தோட அந்தப் பக்கம் கடற்கரை. புருஷன்காரன் பஸ் ஸ்டாண்டுல நாலு பேர் பாக்க அவளோட சண்டை போட்டிருக்கான். போலீஸ் அவனைத்தான் பிடிச்சிருக்கு."

செண்பகா தலையாட்டினாள். அவர் முகத்தைப் பார்த்துப் பேச அவளுக்கு எப்போதுமே வராது. டம்ளரைப் பார்த்துத்தான் பேசுவாள்.

முகத்தை அடையாளம் காணும் கேமராக்களைப் பொது இடங்களில் தடை செய்து சட்டம் வந்த பிறகு, திருவிழாக்களுக்கு முகம் பார்க்காத ஒரு கண் தேவைப்பட்டது. அப்படி வந்ததுதான் 'ஓடை'. கூட்டத்தை அது ஆட்களாகப் பார்ப்பதில்லை, ஒரு திரவமாகப் பார்க்கும். எத்தனை பேர் நுழைந்தார்கள், எத்தனை பேர் வெளியேறினார்கள் என்பதை வைத்து, எங்கே தேங்குகிறது, எங்கே அழுத்தம் ஏறுகிறது என்று கணக்கிட்டுத் தடுப்புகளைத் தானாகவே திறந்து மூடும். உள்ளே நுழைகிறவர்களுக்குக் காகிதக் கைப்பட்டை ஒன்று கட்டுவார்கள். கூட்டத்துக்குள் இருக்கும்வரை அது ஊமை. வெளியேறும் கோட்டில்தான் அது பேசும்.

ஓடையின் இதயம் செண்பகாவின் ஆய்வேட்டிலிருந்து வந்தது. அந்த ஆய்வேட்டில் கூட்டமும் இல்லை, திருவிழாவும் இல்லை. இரண்டு ஈய அணுக்கருக்களை ஒளியின் வேகத்துக்கு நெருக்கமாக மோதவிட்டால், நினைத்துப் பார்க்கவும் முடியாத குறுகிய நேரத்துக்கு, இரண்டும் உருகி ஒரு துளி ஆகின்றன. பிரபஞ்சம் பிறந்த புதிதில் எல்லாமே அப்படித்தான் இருந்தது என்பார்கள். அது வாயுபோலச் சிதறும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஆச்சரியம்: அது ஓடியது. சில ஆயிரம் துகள்கள்தான், ஆனால் ஆற்று நீரோட்டத்துக்கு எழுதும் பாய்ம இயக்கவியல் சமன்பாடுகள் அதற்கும் பொருந்தின. பிறகு ஆறியது, உடைந்தது, தனித்தனித் துகள்களாகக் கருவிகளில் வந்து விழுந்தது. துளியை யாரும் கண்டதில்லை. வந்து விழுந்தவற்றை வைத்து உள்ளே என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் போடுவதுதான் அவள் வேலை.

அவள் தரையைப் பார்த்தபடி பேசி முடித்த கருத்தரங்கில் ரங்கம் சார் ஒருவர்தான் கேள்வி கேட்டார். "சில ஆயிரம் துகளே திரவமாகும்னா, சில ஆயிரம் மனுஷங்க?" அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவருடைய தம்பி சிறுவயதில் ஒரு தேர்க்கூட்டத்தில் நசுங்கிச் செத்தவன் என்பது அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

ஓடை வந்த ஊர்களில் அதன் பிறகு நெரிசல் சாவு இல்லை. பதிவு அப்படித்தான் சொன்னது.

*

அன்று மதியம் வரவேற்பில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். காலையிலிருந்தே உட்கார்ந்திருக்கிறாளாம். பெயர் அன்சிலின். நர்சிங் படிக்கிறவள். பிரகாசியின் மகள்.

பேசக் கூடாது என்பது விதி. அதைச் சொல்லித் திருப்பி அனுப்பத்தான் செண்பகா இறங்கிப் போனாள். அந்தப் பெண்ணின் செருப்பில் இன்னும் கடல் மண் ஒட்டியிருந்தது. பார்த்ததும் விதியைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இருவரும் எதிரே இருந்த டீக்கடைக்குப் போனார்கள்.

"நீங்கதான் கோர்ட்டுக்கு வாரீங்களா மேடம்?"

"ஆமா."

"எங்கப்பா கொலைகாரர்னு சொல்லவா?"

"இல்லம்மா. நான் அப்படியெல்லாம் சொல்ல மாட்டேன். பதிவு சரியா இருக்குன்னு மட்டும்தான்."

"ரெண்டும் ஒண்ணுதானே."

செண்பகா டீயை ஆற்றினாள்.

"மெட்ராஸ்ல உக்காந்துகிட்டு எங்க கோயிலு சந்துல யாரு இருந்தா, யாரு இல்லன்னு சொல்லுதீங்க. உங்க மெஷினுக்குக் கண்ணு உண்டா, கிடையாதா?"

"கண்ணு மாதிரி இல்ல. ஆத்துல தண்ணி ஓடுறப்ப ஒவ்வொரு சொட்டையும் பாக்க முடியாதில்ல? மொத்தமா எப்படி ஓடுதுன்னு பாக்கும். கரைக்கு வந்து சேருறப்பதான் ஆள் ஆளாத் தெரியும்."

"அப்ப எங்கம்மா ஒரு சொட்டு."

"நான் அப்படிச் சொல்லல."

"நீங்க சொல்லல. பரவால்ல, விடுங்க." அன்சிலின் கண்ணைத் துடைக்கவில்லை, முறைத்தாள். "அம்மா வெளிய வந்தா. வரலன்னு யாரு சொன்னா? வந்துட்டு, உப்பு எடுக்கத் திரும்பி உள்ள போனா. அப்பா பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கத்தினாரு. அவ கேக்கல. என் தம்பி மறுநாளு முதமுதலா விசைப்படகுல போறான், உப்பு இல்லாம எப்படி அனுப்பன்னு போயிட்டா."

"என்ன உப்பு?"

அன்சிலின் அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "எங்க கோயிலுக்கு மெஷினு செஞ்சீங்க, உப்பு தெரியாதா? செவ்வாய்க்கிழமை அந்தோனியார் சுரூபத்தச் சப்பரத்துல வச்சுச் சுத்தி வருவாங்க. எல்லாரும் உப்பும் மிளகும் அது மேல எறிவோம். சப்பரம் போனதுக்கப்புறம் கீழ கிடக்கறத ஒரு பிடி எடுத்துட்டு வீட்டுக்குப் போணும். கடலுக்குப் போறவன் கையில கட்டி விடுவாங்க."

"எல்லாருமா எடுப்பாங்க?"

"எடுக்காம யாரு வருவா? சப்பரம் போறப்ப கூட்டம் நம்மளத் தள்ளிட்டு வெளிய கொண்டாந்து விட்டிரும். கொஞ்சம் நின்னுட்டுத் திரும்பி உள்ள போயி எடுத்துட்டு வருவோம்."

"கூட்டம் போற திசைக்கு எதிரா?"

"பின்ன? உப்பு உள்ளதானே கிடக்கு."

செண்பகாவின் கையிலிருந்த டீ ஆடை கட்டிவிட்டது.

"அம்மா கையி மூடியே இருந்துச்சு மேடம்," என்றாள் அன்சிலின். குரல் இப்போதுதான் இறங்கியது. "ஆஸ்பத்திரில நான்தான் பாத்தேன். பிடிச்ச பிடி விடல. உள்ள உப்பு, மண்ணோட. வீட்டுல இருந்து கொண்டு போற உப்புல மண்ணு கிடக்காதுல்ல? போலீஸ்ட்ட சொல்லதுக்குள்ள கையக் கழுவி விட்டுட்டாங்க."

*

தன் இருக்கைக்குத் திரும்பியதும் செண்பகா அந்த வரியைத் தேடி எடுத்தாள். எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

துளி உடைந்து துகள்களாகும் கோட்டில், ஒவ்வொரு இடத்துக்கும் சமன்பாடு ஓர் எண்ணைத் தரும். நேர்க்குறி வந்தால் அங்கிருந்து துகள் வெளியேறுகிறது. எதிர்க்குறி வந்தால் துகள் திரவத்துக்குள் திரும்புகிறது. ஈயத் துளியில் எதிர்க்குறி மிகச் சிறியது. தவிரவும், திரும்பிப் போன துகள் கருவியில் வந்து விழாது. விழாததை எப்படி எண்ணுவது? ஆகவே அந்தத் துறையில் பலரும் செய்வதையே அவளும் செய்திருந்தாள். எதிர்க்குறி வந்தால் சுழி, அதாவது பூஜ்யம். மெஸ்ஸில் சாப்பாடு தீர்ந்துவிடும் என்ற அவசரத்தில் எழுதிய ஒரு வரி.

ஓடைக்கு வந்தபோதும் அந்த வரி அப்படியே வந்தது. வசதியாகவும் இருந்தது. கோட்டின் மேல் நின்று பிள்ளையைத் தேடுகிறவர்கள், செருப்பு மாட்டுகிறவர்கள், சும்மா நிற்கிறவர்கள் என்று பலருடைய கைப்பட்டைகள் உள்ளே வெளியே என்று மாறி மாறிச் சிணுங்கும். கூட்டம் வெளியே ஓடும்போது உள்ளே என்று ஒரு பட்டை சொன்னால் அது பிழை. சுழி.

ரங்கம் சாரிடம் சொன்னபோது அவர் அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் அவளை அதிர வைத்தது.

"தெரியும்," என்றார்.

"தெரியுமா சார்?"

"ரெண்டு வருஷம் முன்னாடியே எதிர்க்குறியைச் சேர்த்து ஓட்டிப் பாத்தேன். கோடு நடுங்குது, செண்பகா. ஒருத்தன் திரும்பினா தடுப்பு மூடுது, மூடினா இன்னும் பத்து பேர் திரும்புறான். காத்துல அடிக்கிற கதவு மாதிரி ஆயிடுச்சு. கம்ப்யூட்டர்லயே எத்தனை பேர் செத்தாங்க தெரியுமா? சுழி போட்டா அமைதியா ஓடுது."

"திரும்பிப் போறவங்க?"

"எத்தனை பேர் போயிடப் போறான்? நூத்துக்கு ஒருத்தன்."

"இந்த ஊர்ல எல்லாரும் போறாங்க சார்."

அவர் காபியைக் குடிக்காமல் டம்ளரைச் சுற்றினார்.

"சரி. அடுத்த பதிப்புல இந்த ஊருக்குத் தனியா ஏதாவது செய்வோம். சத்தமில்லாம. ஆனா கோர்ட்டுல போய் இதைச் சொன்னா என்ன ஆகும்னு யோசி. நாளைக்கே ஓடையைத் தூக்குன்னு ஆர்டர் வரும். அடுத்த வாரம் நாலு ஊர்ல தேர். பழையபடி கம்பும் கயிறும்தான். அங்கே சாகப் போறவனுக்கு யாரு பதில் சொல்றது? நீயா?"

அவர் குரலில் மிரட்டல் இல்லை. அவர் தம்பி அந்த அறையில் நிற்பதுபோல் அவளுக்குத் தோன்றியது.

"போலீஸ் பிடிச்ச அந்த மனுஷன் சார்?"

"அவருக்கு வக்கீல் இருக்காரு."

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமை," என்றாள் செண்பகா டம்ளரிடம். "நான் ஒரு தடவை நேர்ல போய்ப் பாத்துட்டு வரேன்."

"போ. அப்படியே எனக்கும் சேர்த்துக் கும்பிட்டுட்டு வா."

*

கூட்டத்தைப் பற்றி இவ்வளவு எழுதியவள் கூட்டத்தில் நின்றதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில்கூடக் கடைசி வரிசை வரும்வரை காத்திருக்கிறவள் அவள்.

வடக்குச் சந்துக்குள் நுழைந்த சற்று நேரத்தில் கால்கள் அவளுடையவை அல்ல என்று ஆனது. முன்னால் வியர்த்த ஒரு முதுகு, பின்னால் யாருடைய மூச்சோ. நிற்கலாம் என்று நினைத்தாலும் உடம்பு நகர்ந்தது. தலைக்கு மேல் சப்பரம் ஆடி ஆடி வந்தது. நாலா பக்கமிருந்தும் உப்பும் மிளகும் ஆலங்கட்டி மழையாக விழுந்தன. அவளும் தன் கையிலிருந்ததை எறிந்தாள். கல்லுப்பு ஒன்று உதட்டில் பட்டது. யாரோ அழுதுகொண்டே ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பயம் இருந்தது, ஆனால் தன்னுடைய பயம் எது, பக்கத்தவளுடையது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பிறகு சந்தின் வாய். காற்று. மணிக்கட்டில் கைப்பட்டை ஒருமுறை துடித்தது. அவள் மறுபடி செண்பகா ஆனாள்.

சப்பரம் திரும்பியதும் வெளியே வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சந்துக்குள் திரும்பினார்கள். பேசிக்கொண்டே, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டே. அவளும் போனாள். கைப்பட்டை மறுபடி துடித்தது. அந்தத் துடிப்பு எங்கே போய்ச் சேரும் என்று தெரிந்த ஒரே ஆள் அங்கே அவள்தான்.

குனிந்து எடுக்கப்போனவளின் கையை ஒரு பருத்த பெண் தட்டிவிட்டாள். "ஏ பிள்ள, இங்கனதானே நின்னு எறிஞ்ச? நீ போட்டத நீயே எடுப்பியோ? தள்ளிப் போ. அடுத்தவ போட்டதத்தான் எடுக்கணும்."

செண்பகா இன்னும் உள்ளே தள்ளிப் போனாள். மதிலோரம் உப்பு நிறையக் கிடந்தது. மண்ணோடு சேர்த்து ஒரு பிடி அள்ளினாள். நிமிர்ந்தபோது மற்றவர்கள் வாயில் பக்கம் போய்விட்டிருந்தார்கள்.

உள்ளேயிருந்து கிளிக் என்று ஒரு சத்தம். சந்து காலி என்று ஓடை முடிவு செய்துவிட்டது.

தடுப்பு திறந்தது. அடுத்த கூட்டம் வந்த விதம் அவள் ஆயிரம் முறை திரையில் பார்த்த விதம்தான். முதலில் மெல்லிய நுனி, பிறகு அடர்த்தி. அவளால் நகர முடியவில்லை. தோள் மதிலில் உரசியது. கத்த வாய் திறந்தாள். இத்தனை பேருக்கு நடுவில் கத்துவதற்கு அந்த நேரத்திலும் கூச்சமாக இருந்தது. விலாவில் ஒரு முழங்கை, அதன் பின்னால் ஒரு ஊரே.

வெளியே வாயிலில் யாரோ, "ஏ, ஆளு நிக்குலே! நிப்பாட்டுங்கலே!" என்று அலறியபடி எதிர்த்து உள்ளே பாய்ந்தார். ஒரு கை அவள் மேல்கையைக் கொத்தாகப் பிடித்தது. மதிலில் அந்தக் காலத்து வாசல் ஒன்று அடைக்கப்பட்டு ஒரு குழிவு மட்டும் மிச்சம் இருந்தது. அவளை அதற்குள் செருகிவிட்டு, தன் முதுகைக் கூட்டத்துக்குக் கொடுத்து, இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றி அவர் நின்றார். கூட்டம் அவரைத் தாண்டி ஓடி முடியும்வரை அப்படியே நின்றார். நரைத்த தாடி. உப்பு அதில் ஒட்டியிருந்தது.

*

கடற்கரைப் பாறையில் உட்கார்ந்து இருவரும் மூச்சு வாங்கினார்கள்.

"உப்பு எடுக்கப் போனா சட்டுனு வந்திரணும்மா. முன்ன மாதிரியா? முன்ன நாங்க பத்து பேரு கயிறு பிடிப்போம். கடைசிப் பொம்பள வெளிய வார வரைக்கும் கயித்த விட மாட்டோம். இப்ப மெஷினு வந்துட்டு. கயிறு வேண்டாமுன்னுட்டாவ."

"நீங்க செவ்வாய்க்கிழமை தோறும் வருவீங்களா அண்ணாச்சி?"

"வாரேன். வாசல்ல நிப்பேன். உள்ள போறதில்ல. இன்னைக்குத்தான்..." அவர் தாடியிலிருந்த உப்பைத் தட்டினார். "என் வீட்டுக்காரி அந்த மதிலுலதான் கிடந்தா."

செண்பகாவுக்கு அப்போதுதான் புரிந்தது. சிலுவைதாசன். ஜாமீனில் வந்திருக்கிறவர். தன் பெயரைச் சொன்னாள், எங்கிருந்து வருகிறாள் என்று சொன்னாள். ஒவ்வொரு சொல்லும் கல்லாக வந்தது.

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நான் கொன்னேன்னு சொல்லுத ஆளு நீங்கதானா?" என்றார். பிறகு, சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம். "நல்ல ஆளத்தான் இழுத்துப் போட்டிருக்கேன்."

"அண்ணாச்சி, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தப் பதிவு தப்பு. நான் கோர்ட்டுல சொல்றேன்."

"வேண்டாம். உள்ளதச் சொல்லுதேன், கேளுங்க. பஸ் ஸ்டாண்டுல நாங்க போட்ட சண்டய டீக்கடைக்காரன் கேட்டது பொய்யில்ல. பஸ்ஸு கிளம்புது, இவ உப்பு உப்புன்னு நிக்கா. 'போ, போயிச் செத்துத் தொல'ன்னேன். இருபத்தஞ்சு வருசம் அவ என் பேச்சக் கேட்டதே கிடையாது." அவர் கடலைப் பார்த்தார். "அன்னைக்கு ஒரு நாளு கேட்டுட்டா."

அலை வந்து பாறையை நனைத்துவிட்டுப் போனது.

"வியாழக்கிழமை நான்தான் செஞ்சேன்னு சொல்லிரப் போறேன். வக்கீலு வேண்டாங்காரு. எனக்கு முடியல. கூடப் போயிருந்தா, இப்ப நின்னாப்புல நின்னிருப்பேன்லா?"

"உங்க பொண்ணு என்னைத் தேடி மெட்ராஸுக்கு வந்திருந்தா."

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

*

புதன்கிழமை ரங்கம் சாரை அழைத்து, செவ்வாய்க்கிழமைப் பதிவை ஓடவிட்டாள்.

நீலம் வடிந்தது. உடைந்தது. வெள்ளைப் புள்ளிகளில் ஒன்றை அவள் தொட்டாள். "இது நான்."

புள்ளி வெளியே வந்தது. நகர்ந்தது. மறைந்தது. சந்து காலியானது. சுத்தமான, அழகான காலி. தடுப்பு திறந்தது. அந்தக் குழிவு இருந்த இடத்தில் நீலம் ஒரு சுழிப்புக்கூட இல்லாமல் ஓடியது.

"அவரும் இல்ல," என்றாள். "எதிர்த்து உள்ளே வந்தாரு. அதனால இல்ல."

"யாரு?"

அவள் சுடிதார்க் கையை மேலே சுருட்டினாள். மேல்கையில் ஐந்து விரல்கள் ஊதா நிறத்தில் பதிந்திருந்தன.

ரங்கம் சார் அதைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டென்று வயதானவராகத் தெரிந்தார்.

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போனியா?"

"இல்ல சார்."

"போய்க் காட்டு." திரையை நிறுத்தினார். "நீ அங்கே இருந்தேன்னு எனக்குத் தெரியும். ஆனா கோர்ட்டுக்குப் பதிவுதான் தெரியும். அதை நம்பணும்னு கோர்ட்டு கோர்ட்டா ஏறி இறங்கிச் சொன்னதே நான்தான். இனிமே அது பொய்னு நீ சொன்னா, உன்னை நம்புவாங்களா, அதை நம்புவாங்களா?"

"தெரியல சார்."

"அந்த நாலு ஊரு?"

"அதுவும் தெரியல."

அவர் தடுக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவள் கிளம்பும்போது அவர் பதிவை மறுபடி ஓடவிட்டு, காலியான சந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

நீதிமன்றத்தில் மின்விசிறி கடகடவென்று சுற்றியது. பின்வரிசையில் அன்சிலின், பக்கத்தில் தோள் அகன்ற ஒரு பையன். அந்த உப்பு யாருக்காகவோ, அவன். கூண்டில் சிலுவைதாசன் தலையைக் குனிந்து நின்றார். விசாரணை தொடங்கியதிலிருந்து அவர் வாயே திறக்கவில்லை என்று யாரோ சொன்னார்கள்.

செண்பகா சொன்னாள். மேசையின் விளிம்பைப் பார்த்து, திக்கித் திக்கி, அந்த ஒரு வரியைப் பற்றிச் சொன்னாள். நீதிபதியம்மா இரண்டு முறை "சத்தமாகப் பேசுங்கம்மா" என்றார். ஈய அணுக்கரு என்றபோது யாரோ சிரித்தார்கள். திரும்பி உள்ளே போகிறவர்களைப் பதிவு எண்ணாது என்றபோது சிரிப்பு நின்றது.

அரசு வக்கீல் எழுந்தார். அவர் கெட்டவராகத் தெரியவில்லை, களைத்தவராகத்தான் தெரிந்தார்.

"செவ்வாய்க்கிழமை நீங்களே அப்படித் திரும்பிப் போனதாச் சொல்றீங்க."

"ஆமா சார்."

"அதைத் திரையில போடுங்க."

நீலம் வடிந்தது. வெள்ளைப் புள்ளி வெளியே வந்து மறைந்தது. சந்து காலியானது.

"இந்த நேரத்துல நீங்க சந்துக்குள்ள இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"பதிவுல இல்லையே."

"அதைத்தான் சார் சொல்றேன். இருந்தும் இல்லைன்னு அது சொல்லும்."

"நீங்க சொல்றீங்க. நாலு வருஷமா இதே பதிவு சரின்னு கையெழுத்து போட்டதும் நீங்கதான். கையில காயம் இருக்குன்னு டாக்டர் சீட்டு கொடுத்திருக்கீங்க. காயம் எங்கேயும் படலாம். உங்களை அந்தச் சந்துக்குள்ள பாத்தவங்க யாராவது உண்டா?"

பருத்த பெண்ணின் பெயர் அவளுக்குத் தெரியாது. எந்த ஊரோ, எந்த வேனோ.

செண்பகா முதல்முறையாக மேசையிலிருந்து கண்ணை எடுத்தாள். கூண்டைப் பார்த்தாள்.

"உண்டு சார்," என்றாள். "அவர் பாத்தார்."

அரசு வக்கீல் திரும்பிப் பார்த்து, கையிலிருந்த காகிதக் கட்டை மேசையில் வைத்தார். "குற்றவாளிக்கு சாட்சி இவங்க, இவங்களுக்கு சாட்சி குற்றவாளி. நல்லா இருக்கு யுவர் ஆனர்."

"குற்றம் சாட்டப்பட்டவர்," என்று நீதிபதி திருத்தினார். பிறகு கூண்டைப் பார்த்தார். "உங்க முறை வரும்போது சொல்லலாம். இப்பவே ஏதாவது சொல்லணுமா?"

சிலுவைதாசன் நிமிர்ந்தார். என்ன சொல்வதற்காக அவர் இன்று வந்திருக்கிறார் என்பது அந்த அறையில் செண்பகாவுக்கும் அவருடைய வக்கீலுக்கும் மட்டும்தான் தெரியும். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். சிலுவைதாசன் மகளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். கடைசியில், சாட்சிக் கூண்டில் தனியாக நின்றுகொண்டிருந்த, யாருமே நம்பாத அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவர் தாடை அசைந்தது. வேறெதையோ விழுங்குவதுபோல் இருந்தது.

"இந்தப் பிள்ள உள்ளதான் நின்னுச்சு அம்மா," என்றார். "கையில உப்போட. நான் பாத்தேன்."

"நீங்க எங்கே இருந்தீங்க?"

"நானும் உள்ளதான்."

நீதிபதி மெல்லத் திரையின் பக்கம் திரும்பினார். எல்லாரும் திரும்பினார்கள். அங்கே சந்து இன்னும் காலியாகவே இருந்தது.